தஞ்சாவூரை பிலிம் கேமராவோடு சுற்றிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனையோ ஊர் இருக்க, பிலிமுக்கு ஏன் தஞ்சாவூர்?

இந்த ஊரில் வெயில்தான் பாதி வேலையைச் செய்கிறது. பெரிய கோயில் கருங்கல். காலையில் தேன் நிறம், பத்து மணிக்கு வெளிறிய மணல் நிறம், சாயங்காலம் செம்பு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும் கல் அது. நெகட்டிவ் பிலிம் வெளிச்சமான இடங்களைச் சட்டென்று வெளுக்க விடாது. வெயில் விழுந்த கல்லும் பின்னால் இருக்கும் வானமும் ஒரே சட்டத்தில் விவரம் கெடாமல் நிற்கும். இது ஒரு காரணம்.

இன்னொன்று, ஊரின் அளவு. ரயில் நிலையம், பெரிய கோயில், சிவகங்கைப் பூங்கா, அரண்மனை, நான்கு ராஜவீதிகள் எல்லாமே நடக்கிற தூரம். சோழர் கட்டியது, நாயக்கர் சேர்த்தது, மராட்டியர் வண்ணம் பூசியது, வெள்ளைக்காரன் காலத்துத் தேவாலயம் என்று ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். ஒரு ரோலில் 36 படம்தான் என்கிற கணக்குக்கு இப்படி நெருக்கமான ஊர் ரொம்பப் பொருந்தும்.

என்ன கேமரா எடுத்து வரணும்?

வீட்டில் இருப்பதை எடுத்து வாருங்கள். அப்பா காலத்து யாஷிகா எம்எஃப்-2வோ கோடக் கேபி10ஓ அலமாரியில் கிடந்தால் அதுவே போதும். பகல் வெளிச்சத்தில் அவை நன்றாகவே எடுக்கும். பிரகார மண்டபம், அரண்மனை உட்புறம் மாதிரி இருட்டான இடங்களில்தான் திணறும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பென்டாக்ஸ் கே1000 அல்லது நிக்கான் எஃப்எம் வரிசை. இரண்டிலும் ஷட்டர் முழுக்க இயந்திரம்தான், பேட்டரி லைட் மீட்டருக்கு (வெளிச்சம் அளக்கும் கருவி) மட்டும். பேட்டரி தீர்ந்தாலும் கேமரா நிற்காது. கேனான் ஏஈ-1 அழகான கேமரா, ஆனால் அதற்குப் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே விழாது, அதனால் பையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

பழைய கேமரா வாங்கும்போது முதலில் லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை ஓடினால் அது பூஞ்சை. டெல்டா ஈரத்தில் வருடக்கணக்காகத் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸில் இது சர்வசாதாரணம். அப்புறம் பின்கதவைத் திறந்து ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரையை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தஞ்சாவூர் வெயிலில் வெளிச்சம் கசிந்து படத்துக்குப் படம் ஆரஞ்சுக் கோடு விழும்.

லென்ஸ் ஒன்றே ஒன்று என்றால் 35 எம்எம். இரண்டு என்றால் 28ம் 50ம். எண் குறையக் குறையச் சட்டத்துக்குள் அதிக இடம் வரும்.

எந்த பிலிம்? எத்தனை ரோல்?

பகலுக்குக் கலரில் கோடக் கோல்டு 200 அல்லது கலர்பிளஸ் 200 (இந்த எண் ஐஎஸ்ஓ, பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக வாங்கும் என்கிற அளவு). இரண்டுக்கும் கொஞ்சம் மஞ்சள் சாயல் உண்டு, அது இந்தக் கல்லுக்கு அழகாக ஒத்துப்போகும். கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு எச்பி5 (400). இருட்டு மண்டபத்துக்கும் தெருவுக்கும் அதுவே போதும், வேறு தேட வேண்டாம்.

ஒரு நாளுக்கு இரண்டு ரோல் என் கணக்கு: ஒன்று கலர், ஒன்று கறுப்பு வெள்ளை. ஒரே கேமராதான் என்றால் காலையில் கலரை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் கறுப்பு வெள்ளை போடுங்கள். ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு ஒரு படத்துக்கே நல்ல தொகை ஆகிவிடுகிறது. அதனால் ஒரு இடத்துக்கு ஒரு படம் என்று கட்டுப்பாடாக இருங்கள்.

நம் மாநிலத்திலேயே பிலிம் செய்த காலம் ஒன்று இருந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் அவர்களுடைய கறுப்பு வெள்ளை ரோல்கள் வந்தன. ஊர் ஊராகக் கல்யாணமும் காதுகுத்தும் அந்த ரோலில் பதிந்திருக்கிறது. இப்போது அந்த ஆலை இல்லை, வாங்குகிற ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பெரிய கோயிலில் படம் எடுக்க விடுவார்களா?

வெளிப் பிரகாரத்தில் கையில் பிடித்து எடுக்கலாம். சன்னதிக்குள் கூடாது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் இடம் என்பதால் டிரைபாடுக்கு முன்னனுமதி வேண்டும், அது இல்லாமல் விரித்தால் காவலர் வந்து மடிக்கச் சொல்வார், அவரோடு வாக்குவாதம் வேண்டாம். முற்றத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகைச் சுவரில் நாயக்கர், மராட்டியர் கால ஓவியங்கள் இருக்கின்றன, அங்கே பிளாஷ் அடிக்காதீர்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், 1931ல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன, ஆனால் பொதுமக்களை அங்கே விடுவதில்லை.

இது வழிபாடு நடக்கிற கோயில் என்பதை மறக்க வேண்டாம். கும்பிட்டுக்கொண்டு நிற்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி, நான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிற கேள்வியும் இதுதான்.

கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் காலை வெயில் கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில், நந்தி மண்டபம், விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரம்) முன்முகம் என்று வரிசையாக விழும். ஆறரையிலிருந்து எட்டரை வரை முன்பக்கம் உங்களுடையது. சாயங்காலம் நாலரைக்கு மேல் மேற்குப் பிரகாரத்துக்குப் போய்விடுங்கள். விமானத்தின் பின்முகம் அப்போதுதான் நிறம் ஏறி நிற்கும், கூட்டமெல்லாம் முன்னால் நந்தியைச் சுற்றி இருப்பதால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமும் குறைவு. வடமேற்கு மூலையில் இருக்கும் சுப்பிரமணியர் கோயில் நாயக்கர் காலத்து வேலை, தூணும் மாடமும் நகை மாதிரி செதுக்கியிருப்பார்கள். அதற்கும் இந்த நேரத்து வெயில்தான் சரி.

தெற்கு, வடக்குச் சுவர்களுக்கு மணி பார்த்தால் போதாது, மாதம் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் வடக்கே, பதினோரு டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை தொடங்கிச் சில நாளில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆவணியில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகிறது. ஆக ஆனி, ஆடியில் வடக்குச் சுவருக்கு வெயில் கிடைக்கும், தெற்குச் சுவர் நிழலில் கிடக்கும். மார்கழி, தையில் நேர் எதிர். வடக்கு முகத்தில் மேலே தொப்பி வைத்த ஐரோப்பியர் மாதிரி ஓர் உருவம் இருக்கிறதே, அதை எடுக்க ஆசைப்பட்டு டிசம்பரில் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸோடு வந்தால் தட்டையான நிழல் வெளிச்சம்தான் கிடைக்கும். ஜூனில் வாருங்கள்.

கல்வெட்டு எடுக்க ஆசையா? மார்கழி, தை காலையில் வாருங்கள். சூரியன் தென்கிழக்கில் எழுவதால், மதிலைத் தாண்டி மேலே வந்ததும் வெயில் தெற்கு அடித்தளத்தைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு எழுத்தின் வெட்டுக்குள்ளும் ஒரு பக்கம் நிழல் தங்கி, ககரத்தின் வளைவும் கொம்பும் தனித்தனியாக எழும்பி நிற்கும். வெயில் நேராக ஏறியதும் அதே சுவர் மொழுக்கென்று ஆகிவிடும், எழுத்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தான் கொடுத்தது, அக்கன் (அக்கா) கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை இந்தக் கோயில் கல்வெட்டுகளில்தான் இருக்கிறது. கோயிலுக்கென்று குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிர்) பெயரும் வீடும்கூட இருக்கின்றன. 1010ல் முடிந்த கட்டடத்தின் கணக்குப் புத்தகம் கட்டடத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு ரோல் முழுவதையும் செலவு செய்தாலும் தகும்.

விமானம் முழுசாகச் சட்டத்துக்குள் வரவில்லை. கேமராவை மேலே தூக்கினால் பின்னால் சாய்கிற மாதிரி ஆகிறதே?

சுமார் 216 அடி உயரம், பக்கத்தில் நின்றால் வராது. கேமராவை மேல்நோக்கித் தூக்கினால் கோடுகள் உச்சியில் ஒன்றுசேர்வது எந்த லென்ஸிலும் நடக்கும். தள்ளிப் போவதுதான் வழி.

முற்றம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 240 மீட்டர், தெற்கு வடக்காக 120 மீட்டர். இரண்டு சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போன்ற அமைப்பு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம். ஆக தென்கிழக்கு மூலையிலிருந்து விமானத்துக்குக் கிட்டத்தட்ட 190 மீட்டர். 50 எம்எம் லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்து, கேமராவைக் கொஞ்சமும் தூக்காமல் மட்டமாக வைத்தால், அந்தத் தூரத்தில் கலசம் சட்டத்தின் மேல் விளிம்புக்குள் வந்துவிடும். கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும்தான். பிரிண்ட் போடும்போது வெட்டிக்கொள்ளலாம், அல்லது அந்தத் தரையில் யாராவது நடந்து வரும் வரை காத்திருக்கலாம். வடகிழக்கு மூலையில் அம்மன் சன்னதி குறுக்கே வரும், அதனால்தான் தென்கிழக்கைச் சொல்கிறேன். 28 எம்எம் இருந்தால் சுமார் நூறு மீட்டரிலேயே வேலை முடிந்துவிடும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை, விழும். காலை ஏழு மணிக்கு மேற்குப் பிரகாரத்தில் நின்று பாருங்கள், நீங்களே அந்த நிழலுக்குள்தான் நிற்பீர்கள். சித்திரை உச்சிவெயிலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், ஆனால் அந்த நாட்களில் பனைமரத்துக்கும் அப்படித்தான். ராஜராஜனின் தச்சர்களைப் பாராட்ட உண்மையான காரணங்கள் ஏராளமாக இருக்கும்போது இந்தக் கதை தேவையே இல்லை.

எக்ஸ்போஷர் எப்படி வைப்பது? என் கேமராவில் மீட்டர் வேலை செய்யவில்லை.

முழு வெயிலுக்குப் பழைய விதியே போதும்: அபர்ச்சரை எஃப்/16ல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். 200 பிலிமுக்கு 1/250, எஃப்/16. தஞ்சாவூரில் நான் அதிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகிற ஒரு படி) திறந்து எஃப்/11ல் வைப்பேன், ஏனென்றால் சிற்ப மாடங்களுக்குள் இருக்கும் நிழல் ரொம்ப ஆழம். நெகட்டிவ் பிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் நிழல் சாம்பல் சேறாகிவிடும்.

திருச்சுற்று மாளிகைக்குள் லிங்கங்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் 400 பிலிமுக்கு எஃப்/2.8, 1/60 அளவில் தொடங்குங்கள். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள். போனில் லைட் மீட்டர் ஆப் இருந்தால் நிழலைப் பார்த்து அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளை எடுக்கிறவர்கள் ஆரஞ்சு பில்டர் வாங்குங்கள். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் தின்னும், ஆனால் நீல வானத்தைக் கறுக்க வைத்துக் கல்லை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். இந்த ஊர் வெயிலில் இரண்டு ஸ்டாப் ஒரு நஷ்டமே இல்லை.

பழைய காலத்தில் இங்கே யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டு வந்தால் உங்கள் நாளே வேறு மாதிரி ஆகும். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1858ல் தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயிலைப் படமெடுத்தார். அன்றைக்கு ரோல் கிடையாது. மெழுகு ஏற்றிய காகிதமே நெகட்டிவ், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு அடிக்கு ஒன்றேகால் அடி. வெயிலிலும் தூசியிலும் ரசாயனங்களையும் பெட்டி கேமராவையும் சுமந்துகொண்டு வந்து எடுத்த படங்கள் அவை.

அதில் ஒன்று என்னை விடவே மாட்டேன் என்கிறது. விமானத்தின் அடித்தளத்தில் இருக்கும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். அவர் செய்ததைச் சுவரோடு சுவராக நடந்து பார்த்தால்தான் புரியும்: ஒரு படம், கேமராவை நகர்த்து, அதே தூரம், அதே உயரம், அடுத்த படம். கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் படித்துப் பதிப்பித்தது அதற்கும் பல வருடம் கழித்து. சார்லஸ் டிரெவெலியன் சென்னை ஆளுநராக வந்ததும் செலவு அதிகம் என்று டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார்.

டிரைப்பின் தஞ்சாவூர் படங்களை வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் பார்க்கலாம். இரண்டு மூன்றைப் போனில் இறக்கிக்கொண்டு வாருங்கள், அவர் கேமரா வைத்த இடத்தைத் தேடி நில்லுங்கள். நந்தி மண்டபத்துக்கும் விமானத்துக்கும் உள்ள இடைவெளி, தூண்கள் ஒன்றையொன்று மறைக்கும் விதம் இவற்றை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சுற்றிலும் எவ்வளவோ மாறியிருக்கும், கல்லின் கோடு மட்டும் அப்படியே பொருந்தும். இந்த ஊரில் பிலிம் கேமராவோடு செய்யத்தக்க வேலைகளில் இதைவிட நல்லது ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரண்மனையில் என்ன எடுக்கலாம்?

நுழைவுச்சீட்டோடு கேமராவுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். பிலிம் கேமராவும் கேமராதான், வாங்கிவிடுங்கள். மராட்டிய தர்பார் மண்டபத்தில் தூண்களும் வளைவுகளும் நிறம் நிறமாக இருக்கும், ஒரு பக்கம் திறந்த மண்டபம் என்பதால் மதிய வெயில் முற்றத்தில் பட்டு உள்ளே மென்மையாகத் திரும்பும். கோயில் நடை சாத்துகிற மதிய நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகளைக் கும்பிடுகிற தூரத்தில் பார்க்கலாம். கண்ணாடிக்குள் இருப்பதை எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் எதிரொளி வராது. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலையும் அங்கே இருக்கிறது, இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்றும் அரண்மனையில் உண்டு, குழந்தைகளோடு வருகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் கேமராவைத் திறக்கும் முன் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் அங்கே படமே வேண்டாம், ஓலைச்சுவடியையும் பழைய நிலப்படங்களையும் கண்ணால் பாருங்கள்.

கோயில், அரண்மனை தவிர?

நிறைய. கோயிலுக்குப் பக்கத்திலேயே சிவகங்கைக் குளத்தை ஒட்டி 1779ல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. உள்ளே, மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்ஸின் அருகில் சரபோஜி நிற்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம். இதுவும் அதே ஃபிளாக்ஸ்மனின் வேலை. அரண்மனையில் அவர் செய்த சரபோஜியைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் ஓர் அரசனும் அவனுடைய ஆசானும் பழகிய பழக்கம் கொஞ்சம் பிடிபடும்.

அப்புறம் ராஜவீதிகள். மேல வீதியில் பங்காரு காமாட்சி அம்மன் கோயில் பக்கம் நடந்தால், திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் சில மிச்சம். வருடா வருடம் குறைகின்றன. இடித்துவிட்டு மாடி எழுப்புகிற வேகத்தைப் பார்த்தால் இந்த வீடுகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெரிய கோயில் நம் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும். இந்தத் திண்ணைகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வாசல் நிலை, கதவுக் குமிழ், திண்ணை ஓரத்தில் தேய்ந்த சிவப்புச் சிமெண்டு என்று பக்கத்தில் போய் எடுங்கள்.

வீணை செய்கிறவர்கள் பட்டறை கண்ணில் பட்டால் நின்று கேளுங்கள். பலாமரத்தைக் குடைந்து குடம் எடுக்கிற இடத்தில் தரையெல்லாம் மஞ்சள் சுருள் சுருளாகக் கிடக்கும், வாசல் வழியாக ஒரே பக்கம் வெளிச்சம் வரும். எச்பி5க்கென்றே அமைந்த அறை. தலையாட்டி பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற இடம் கிடைத்தால் அது கலர் ரோலுக்கு.

ஆட்களை எடுக்கலாமா? கோபப்படுவார்களா?

"அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?", "அம்மா, எடுக்கலாமாம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிலிம் கேமராவைப் பார்த்ததும் அறுபது வயதைத் தாண்டியவர்கள் தானாகவே பேச்சுக் கொடுப்பார்கள், அந்தக் காலத்தில் எந்த ஸ்டுடியோவில் படம் பிடித்தோம், என்ன சட்டை போட்டிருந்தோம் என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகள் கேமராவின் பின்பக்கம் ஓடி வந்து படத்தைத் தேடும். "இதில் இப்போ தெரியாதுப்பா, கழுவணும்" என்று சொன்னால் புரியாமல் பார்க்கும். ஒரு பழைய நெகட்டிவ் துண்டைப் பையில் வைத்திருங்கள், வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினால் போதும்.

படம் எடுத்தவர்களின் முகவரியை வாங்கி ஒரு பிரிண்ட் தபாலில் அனுப்பி வையுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பது பெரிய தப்பு, அடுத்து வருகிறவருக்கும் கதவு சாத்திவிடும்.

எந்த மாதம் வரலாம்?

தை, மாசி. வெயில் தாங்கும், வானம் தெளிவு, வயல் பச்சை கொஞ்சம் இருக்கும். மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு எல்லாம் கொண்டு அலங்காரம் செய்வார்கள், கலர் ரோலுக்கு விருந்து. ஐப்பசிச் சதய விழாவும் நன்றாக இருக்கும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டும். மழை விட்ட அரை மணி நேரத்தில் முற்றத்துத் தளத்தில் தேங்கிய தண்ணீரில் விமானம் தலைகீழாகத் தெரியும், அதற்காகவே நனையலாம். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. வந்தால் விடியலிலும் அந்தியிலும் மட்டும்.

வெயிலில் பிலிம் கெட்டுவிடாதா?

ஒரு நாள் பையில் இருப்பதால் கெடாது. பூட்டிய காரின் டாஷ்போர்டில் வைத்தால் கெடும். ஈரத்துணி சுற்றிய டப்பாவெல்லாம் வேண்டாம், ஈரம்தான் எதிரி. வீட்டில் பிரிட்ஜில் வைத்திருந்த ரோலை வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள், டப்பா மூடியபடி இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் பிலிம் மேல் நீர் பூத்துவிடும். ரோல் மாற்றும்போது நிழலுக்கு வாருங்கள்.

ரயில், விமானம், எக்ஸ்ரே?

சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி விடியற்காலை கொண்டுவந்து விட்டுவிடும், இறங்கியதும் கோயிலுக்குப் போகலாம், அந்த முதல் வெயிலுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. விமானத்தில் வருகிறவர்களுக்குப் பக்கத்து நிலையம் திருச்சி. ரோல்களைச் செக்-இன் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். கைப்பையில் உள்ளே இருப்பது தெரிகிற கவரில் வைத்து, கையால் பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பழைய வகை ஸ்கேனர் ஒன்றிரண்டு முறை என்றால் 400 வரை தாங்கும், புது வகை சிடி ஸ்கேனர் ஒரே முறையில் புகை மூட்டிவிடும்.

எங்கே கழுவுவது?

கலருக்கு சி-41 என்கிற கழுவும் முறை. முன்பு ஊருக்கு நாலு இடத்தில் மிஷின் ஓடியது, இப்போது சென்னை, பெங்களூரு மாதிரி பெரிய ஊர் லேபுக்குக் கூரியரில் அனுப்புவதே நடைமுறை. அனுப்பும் முன் ஒவ்வொரு ரோலின் மேலும் பெயர், தேதி எழுதி ஒட்டுங்கள், நெகட்டிவைத் திருப்பி அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. நெகட்டிவ்தான் மூலம், ஸ்கேன் அதன் ஒரு நகல்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், கஷ்டம் இல்லை. டெவலப்பருக்கு (படத்தை வெளியே கொண்டுவரும் ரசாயனம்) 20 டிகிரி வெப்பநிலை சொல்லியிருப்பார்கள், நம் குழாயில் வருவதோ முப்பதைத் தொடும். ஒரு அகலப் பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்ட தண்ணீரை வைத்து, டெவலப்பர், பிக்ஸர் (படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம்), அலசுகிற தண்ணீர் எல்லாப் பாட்டிலையும் அதில் நிறுத்துங்கள். ஐஸைப் பாட்டிலுக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருப்பது முக்கியம், கடைசியில் சூடான குழாய்த் தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் சுருங்கி மணல் மணலாகிவிடும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன வரிசை?

விடியலில் பெரிய கோயில், முன்முகமும் நந்தியும். எட்டரைக்குத் தெற்குச் சுவர் அல்லது வடக்குச் சுவர், மாதத்தைப் பொறுத்து. பத்து மணிக்கு டிபன், ஒரு நல்ல காபி. பதினொன்றிலிருந்து அரண்மனை. சாப்பாட்டுக்குப் பிறகு ராஜவீதிகள், மூன்றரைக்கு சுவார்ட்ஸ் தேவாலயம், நாலரைக்கு மறுபடி கோயில், இப்போது பின்பக்கம். கடைசி நாலைந்து படங்களை விளக்கு போடுகிற நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.

இரண்டாவது நாளும் கிடைத்தால்?

கும்பகோணம் பக்கம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, தேர் வடிவ மண்டபத்தின் சக்கரமும் குதிரையும், விரல் அளவுக்குச் செதுக்கிய சின்னச் சின்னச் சிற்பங்களும் இருக்கின்றன. தஞ்சாவூரில் 28 போட்டீர்கள் என்றால் இங்கே 50ஐப் போட்டுக்கொண்டு கிட்டே போங்கள். வண்டி இருந்தால் கங்கைகொண்ட சோழபுரமும் போய்வரலாம். தஞ்சாவூரில் அப்பா முதலாம் ராஜராஜன் கட்டிய விமானம் நேர்கோட்டில் ஏறும், மகன் ராஜேந்திரன் கட்டியது உள்வளைந்து ஏறும். இரண்டையும் ஒரே லென்ஸில், ஒரே அளவுத் தூரத்திலிருந்து எடுத்து, இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.